மூன்று மணிக்குப் பிறகு வாரும்

ஹவுன்ஸ்லோ
26 ஜனவரி 2025

கொட்வினுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உம்முடைய தாளை இன்னொருமுறை பார்த்தேன். அந்தச் சொல் வர மறுத்துவிட்டது.

தொலைபேசியில் கேட்டிருப்பேன். உம்முடைய அக்கா விடவில்லை. "நீங்கள் ரெண்டுபேரும் போனில கதைச்சா பத்து நிமிசத்தில சண்டை. பேசாமல் கடிதம் எழுதுங்கோ. எழுதேக்கையாவது கொஞ்சம் யோசிப்பியள்" என்கிறாள் மேரிசாந்தி. சரி, நீயே போய்ச் சொல்லு என்றால், "நான் உங்கட தபால்காரி இல்லை" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரிகள் கூடைப்பந்து லீக்கில் ஆறு பெண்கள் அணிகள், ஆறு சொந்த மண்டபங்கள். வருடா வருடம் ஒருவர் ஆறையும் சுற்றிப் பார்த்துப் புள்ளி போடுவார். முதலாவதாக வரும் மண்டபத்தில் இறுதிப் போட்டி. இம்முறை அந்த ஒருவர் நீர். மார்ல்பீல்ட் கல்லூரி மண்டபத்தை, அதாவது நான் பராமரிக்கும் மண்டபத்தை, ஐந்தாவதாகப் போட்டிருக்கிறீர். ஆறாவது எது? குரோய்டன் பெல்மோர். ஒரு கூடைக்குப் பின்னால் நாடக மேடை உள்ள மண்டபம். வேகமாக ஓடிப்போய்ப் பந்து போடுகிற பிள்ளை திரைச்சீலைக்குள் மறைந்துவிடும், பிறகு தேடி எடுக்க வேண்டும். அதைவிட ஒரே ஒரு படிதான் நான் உயர்த்தி!

பத்தொன்பது வருடமாக அந்த மண்டபத்துச் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. ஒருதடவைகூட இறுதிப் போட்டி அங்கே நடந்ததில்லை. இந்த வருடம் என்னுடைய மகள் பெனிற்றாவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். உம்முடைய மருமகள்தான் அணித்தலைவி, அவர்கள்தான் இப்போது லீக்கில் முதலிடம். மார்ச் மாதம் அவள் இறுதிப் போட்டி ஆடுவாள் என்பது ஏறக்குறைய நிச்சயம். அதை அவள் நான் துடைத்த தரையில் ஆடவேண்டும். என்னுடைய ஆசை அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே உம்முடைய தாள் கிடக்கிறது.

'சத்தம்: பத்துக்கு இரண்டு' என்று எழுதியிருக்கிறீர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தன் பெயரையே பிழையாக எழுதுகிற பிள்ளைக்கும் ஐந்து போடுகிற ஆள் நீர். எனக்கு இரண்டு.

பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பிரதாபன்
(உம்முடைய அக்காவின் புருஷன், மறந்திருந்தால்)


ஹரோ
31 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டுவிட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மருந்துக்கடைக்காரன். அளவு பிழைத்தால் ஆளுக்கு ஆபத்து. அதே கையோடுதான் உங்கள் மண்டபத்துக்கும் அளவுநாடாவைக் கொண்டுவந்தேன். கூடைக்குப் பின்னால் கோட்டுக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு மீற்றர் இருக்கவேண்டும். உங்களிடம் ஒன்றேகால். சுவரில் மெத்தை கட்டியிருக்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மெத்தையில் பிள்ளைகள் மோதி மோதி ஆள் வடிவத்தில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது.

தரை மினுங்குகிறது. அதற்கு ஒன்பது போட்டேன், அதை நீங்கள் சொல்லவேயில்லை. ஆனால் அந்தத் தரையில் பட்மிண்டனுக்கு ஒரு நிறம், வொலிபோலுக்கு ஒரு நிறம், நெற்போலுக்கு ஒரு நிறம் என்று கோடுகள். இடியப்பத் தட்டைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. கூடைப்பந்தின் கோடு எதென்று கண்டுபிடிக்கவே எனக்கு ஐந்து நிமிடம் சென்றது.

இருக்கைகள் நூற்றுநாற்பது, எல்லாம் மரவாங்கு. முன்வரிசையில் இருந்தால் முழங்கால் ஆட்டத்துக்குள் நிற்கிறது. புள்ளிப் பலகையில் விருந்தினர் பக்கத்துக் கடைசி இலக்கத்தில் கீழே இடப்பக்கக் கோடு எரிவதில்லை. எட்டு வந்தால் ஒன்பதாகத் தெரிகிறது. இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறதாம். பெனிற்றாவே சொன்னாள்: "மாமா, we just know. நைன் எண்டா சிலநேரம் எய்ட்."

இனி ஹரோ ஆஷ்குரோக் கல்லூரிக்கு வாருங்கள். பொத்தானை அமுக்கினால் சுவரிலிருந்து தொள்ளாயிரம் கதிரைகள் இறங்கி வருகின்றன. தரைக்குக் கீழே நுரை போட்டிருக்கிறார்கள், விழுந்தாலும் நோகாது. பெரிய திரை. சுடுதண்ணீர்க் குளியல். கிழக்கு லண்டனில் ஒரு மண்டபம் நாலாம் மாடியில் இருக்கிறது, லிப்ட் இல்லை. விருந்தினர் அணி ஏறி வந்து சேரும்போதே பாதி ஆட்டம் ஆடிய களைப்பு. அதுகூட உங்களைவிட அமைதி, அத்தான்! உங்கள் மண்டபத்தின் மேலால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்குகிறது. அன்று விசில் ஊதியது கேட்காமல் இரண்டு பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நடுவர் கையைக் காட்டி, காலைக் காட்டி, கடைசியில் பின்னால் துரத்திப்போய்த்தான் நிற்பாட்டினார்.

அக்கா ஆட்டங்களுக்குப் பொரித்துக் கொண்டுவரும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் உலகத் தரம். ஆனால் தாளில் ரோல்ஸுக்கு இடம் விடவில்லை. விட்டிருந்தால் பத்துக்குப் பதினொன்று போட்டிருப்பேன்.

உங்கள் மைத்துனன்,
கொட்வின்


ஹவுன்ஸ்லோ
3 பெப்ரவரி 2025

மச்சான் கொட்வினுக்கு,

உம்முடைய கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். ரோல்ஸ் என்ற இடத்தில் உம்முடைய அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பிறகு தனியாக இருந்தபோது அந்த நடுவரை நினைத்துக் கொஞ்சம் சிரித்தேன். அது வேறு கதை.

மெத்தைப் பள்ளம், கோடுகள், பலகை எல்லாம் உண்மை. பலகைக்குப் புது விளக்கு ஓடர் பண்ணியிருக்கிறேன், வந்தவுடன் மாற்றுவேன். ஆனால் சத்தம்? நீர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

என்னுடைய அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நீர் அதற்குப் பக்கத்து ஆணியில் உம்முடைய குளிர்க்கோட்டைக் கொழுவினீர். கொழுவியவர் வாசிக்கவில்லை. ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதை. காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில், பின்னேரம் மூன்று மணிவரை ஒரு பாதையில் இறங்கும், மூன்றுக்குப் பிறகு மற்றப் பாதைக்கு மாறும். ஒரு வாரம் இப்படி, அடுத்த கிழமை அது தலைகீழ். ஊர்ச்சனம் ஒரு நேரமாவது காதைக் கழுவிக்கொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு. எங்கள் மண்டபம் ஒரு பாதைக்கு நேர் கீழே. மற்றப் பாதையில் இறங்கினால் எங்களுக்கு ஒன்றும் கேட்காது. கதவில் ஒட்டியிருப்பது அந்த அட்டவணை.

பத்தொன்பது வருடமாக என்னுடைய வேலையில் பாதி அந்த அட்டவணைதான். லீக் போட்டிகள் எல்லாம் புதன்கிழமை. எந்தப் புதன் மூன்றுக்கு முன் அமைதி, எந்தப் புதன் மூன்றுக்குப் பிறகு அமைதி என்று பார்த்துப் பார்த்துத்தான் நேரம் குறித்துக் கொடுப்பேன். ஜனவரி பதினைந்தாம் திகதி மூன்றுக்குப் பிறகுதான் அமைதி. அதனால் பெரிய ஆட்டத்தை மூன்றே காலுக்கு வைத்திருந்தேன். நீர் ஒரு மணிக்கு வந்தீர். இரண்டாம் அணிப் பிள்ளைகளின் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்தீர். இரண்டேமுக்காலுக்குக் கடையில் ஷிப்ட் என்று கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினீர். பதினைந்து நிமிடம், மச்சான். இன்னும் பதினைந்து நிமிடம் நின்றிருந்தால் பந்து தரையில் படும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் உம்முடைய காதில் விழுந்திராது.

மூன்று மணிக்குப் பிறகு வாரும். ஒருமுறை வாரும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பிரதாபன்


ஹரோ
7 பெப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்து எழுதினேன்.

அட்டவணையை நான் பார்க்கவில்லை. அது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்கள் முகத்தில் விழிக்க முடியாது.

அன்று சத்தத்துக்கு நான் முதலில் போட்டது ஐந்து. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். நீங்கள் முதலிடத்துக்கு மிக அருகில் இரண்டாவதாக வந்தீர்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மருமகள் ஆடுகிற அணி, அத்தான் பராமரிக்கிற மண்டபம், புள்ளி போடுகிறவன் மச்சான்! நாளைக்கு லீக்கில் யாராவது 'குடும்பத்துக்குள்ளேயே முடித்துவிட்டார்கள்' என்று சொன்னால் என்ன செய்வது? ஐந்தை வெட்டி இரண்டாக்கினேன். பிறகு இருக்கையிலும் ஒன்று குறைத்தேன், சுவரிலும் ஒன்று குறைத்தேன். ஐந்தாவது இடத்துக்கு வந்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. வேண்டியவன் என்பதற்காகக் கூட்டிப் போடுவது கள்ளம் என்றால், வேண்டியவன் என்பதற்காகக் குறைத்துப் போடுவதும் கள்ளம்தான். அது எனக்கு உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருக்கிறது, அத்தான்.

நேற்று லீக் செயலாளர் கத்தரின் அம்மாவிடம் போனேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், புள்ளி போடும் பொறுப்பிலிருந்தும் விலகிவிட்டேன். அவர் என்னை ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. இறுதிப் போட்டியில் புள்ளி எழுதும் மேசையில் மட்டும் இருக்கச் சொல்லியிருக்கிறார். ஆறு மண்டபங்களையும் புதிதாகப் பார்க்க வேறொருவர் வருவார். ஸ்ரீநிதி என்று பெயர், சென்னைப் பிள்ளை, எஞ்சினியர். அவருக்கு உங்களோடும் என்னோடும் ஒரு சொந்தமும் இல்லை. எப்போது வருவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

மன்னிப்பீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்: மன்னியுங்கள்.

கொட்வின்


ஹவுன்ஸ்லோ
21 பெப்ரவரி 2025

மச்சானுக்கு,

இரண்டு கிழமை பதில் போடவில்லை. முதல் கிழமை கோபம். இரண்டாம் கிழமை, கோபம் போன பிறகும் அது இருப்பதுபோல் காட்டிக்கொண்டு திரிந்தேன். நேற்று உம்முடைய அக்கா சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அவன் தன்ர பிழையைத் தானே போய்ச் சொல்லியிருக்கிறான். உங்களுக்கு அப்படிச் செய்ய ஏலுமோ?" ஏலுமோ என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீநிதி பன்னிரண்டாம் திகதி வந்தார். சொல்லாமல்கொள்ளாமல் மூன்றரைக்கு வந்து நின்றார். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி! பிள்ளைகளின் சப்பாத்துக் கீச்சிடுவதுகூடக் கேட்டது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைக் காலால் தடவிப் பார்த்தார். "ஃப்ளோர் ரொம்ப நல்லா இருக்கு சார். யாரு பாத்துக்கறாங்க?" என்றார். "நான்தான் பிள்ளை" என்றேன். என்னுடைய குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

இன்னொன்று சொல்லவேண்டும். சிரிக்கக்கூடாது. போன புதன்கிழமை பெனிற்றாவின் அணி ஆஷ்குரோவில் ஆடியது. மெட்ரோபொலிடன் ரயில் பிடித்துப் போனேன். மகள் ஆடுவதைப் பார்க்கத்தான் போனேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் அந்த மண்டபத்தில் குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். சட்டைப்பைக்குள் அளவுநாடாவும் கொண்டுபோனேன்.

மச்சான், அது மண்டபம் இல்லை, மாளிகை. கதிரை இறங்கி வந்ததைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். யாரும் பார்க்காத நேரம் குந்தியிருந்து தரையைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அது என்னுடைய கையைத் திரும்பத் தள்ளியது. பொறாமையாக இருந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. அந்தத் தரைக்கு நீர் பத்துப் போட்டது நியாயம். பதினொன்றும் போட்டிருக்கலாம்.

ஒரே ஒரு குறைதான். தொள்ளாயிரம் கதிரையில் அறுபது பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் எட்டாத தூரம். பெனிற்றா மூன்று புள்ளிப் பந்து ஒன்று போட்டாள். நான் எழும்பிக் கத்தினேன். என்னுடைய சத்தமே சுவரில் பட்டுத் தனியாகத் திரும்பி வந்தது. நூலகத்தில் கத்திவிட்டதுபோல் கூசிப்போய் இருந்துவிட்டேன். எங்கள் மரவாங்கில் பக்கத்தில் இருக்கிறவர் தெரியாதவர் என்றாலும், கூடை விழுந்தால் தோளைப் பிடித்து உலுக்குவார். அதற்குத் தாளில் எங்கே புள்ளி போடுவது?

அத்தான்,
பிரதாபன்


ஹரோ
1 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். சாவிக்கொத்தைக் கீழே வையுங்கள்.

ஸ்ரீநிதியின் தாள் வந்துவிட்டது. ஆஷ்குரோவுக்கு எழுபத்தேழு. மார்ல்பீல்டுக்கு எழுபத்தெட்டு.

இறுதிப் போட்டி உங்கள் மண்டபத்தில்! மார்ச் பத்தொன்பது, புதன்கிழமை, மூன்றரை மணி. போன புதன்கிழமை முடிவுகளோடு அணிகளும் தெரிந்துவிட்டன: மார்ல்பீல்டும் ஆஷ்குரோவும். பெனிற்றா ஆடுகிறாள், அத்தான். நீங்கள் துடைத்த தரையில் ஆடுகிறாள்.

சத்தத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறார். 'பார்வையாளரும் ஆட்டமும்' என்ற இடத்தில் உங்களுக்குப் பத்து, ஆஷ்குரோவுக்கு ஆறு. நீங்கள் கேட்ட புள்ளிக்குத் தாளில் இடம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அதை நிரப்பத் தெரியவில்லை.

தபாலில் போட்டுவிட்டு உங்களுக்குத் தொலைபேசி எடுக்கத் துடிக்கிறேன். ஆனால் இதை நீங்கள் தாளில் வாசிக்கவேண்டும். அதனால் விரலைக் கட்டிப்போட்டிருக்கிறேன்.

உங்கள்,
கொட்வின்


ஹவுன்ஸ்லோ
6 மார்ச் 2025

அன்பு மச்சான்,

உம்முடைய கடிதம் வந்தபோது படிக்கட்டில் நின்றேன். அங்கேயே இருந்துவிட்டேன். மேரிசாந்தி என்னவோ ஏதோவென்று ஓடிவந்து, கடிதத்தைப் பறித்து வாசித்து, அவளும் பக்கத்தில் இருந்துவிட்டாள். பெனிற்றா வந்து எங்கள் இருவரையும் பார்த்து, "யாருக்கு என்ன நடந்தது?" என்று பயந்துபோனாள். பிறகு மூன்று பேருமாகப் படிக்கட்டில் இருந்து கத்தினோம். பக்கத்து வீட்டு மனுசி சுவரில் தட்டினார்.

திகதியைப் பார்த்தீரா? பத்தொன்பதாம் திகதி சூசையப்பர் திருநாள். உழைக்கிறவர்களுடைய பாதுகாவலர். அவர்தான் பார்த்துச் செய்திருக்கிறார் என்று மேரிசாந்தி சொல்கிறாள். தவக்காலம் என்பதால் ஆட்டிறைச்சி ரோல்ஸ் இல்லை, மீன் ரோல்ஸ். இருநூறுக்கு மீன் சொல்லியாயிற்று.

இவ்வளவும் முதல் நாள் சந்தோஷம். அடுத்த நாள் காலை வேலைக்குப் போய், கோட்டைக் கொழுவிவிட்டு, கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தேன்.

மார்ச் பதினேழில் தொடங்கும் கிழமையில் மூன்று மணிவரைதான் அமைதி. மூன்றுக்குப் பிறகு எங்களுக்கு மேலால் வரும். இறுதிப் போட்டி மூன்றரைக்கு. நேரத்தை மாற்ற முடியாது. நடுவர்கள், பேருந்து எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டார்கள்.

ஸ்ரீநிதி எனக்கு ஒன்பது போட்டது நல்ல நேரத்தில் வந்ததால். அவருக்கு அட்டவணை தெரியாது. லீக்குக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நீரும் நானும்தான். ஒரு புள்ளி வித்தியாசம், மச்சான். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் இறுதிப் போட்டி என்னுடையது. அன்று விமானம் வந்தால், "அட, என்ன இது!" என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் மேலே பார்க்கலாம்.

இரண்டு நாள் அப்படியே இருக்கப் பார்த்தேன். உம்முடைய கடிதம் சட்டைப்பைக்குள் இருந்துகொண்டு விடவில்லை. அந்த வெட்டின ஐந்தைப் பற்றி எழுதியது. நான் உமக்கு இரண்டு கடிதம் எழுதி நியாயம் கேட்டவன். இன்று காலை கத்தரின் அம்மாவுக்கு அட்டவணையின் பிரதியோடு எழுதிப் போட்டுவிட்டேன். பெனிற்றாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

பிரதாபன்


ஹரோ
8 மார்ச் 2025

அத்தான்,

சுருக்கமாக எழுதுகிறேன், கடையில் வரிசை நிற்கிறது.

பெனிற்றாவிடம் சொல்லுங்கள். அவள் உங்கள் மகள். நான் சிறுவயதிலிருந்து அறிந்த பிள்ளை அது, கோபித்தாலும் ஒரு மணித்தியாலம்தான்.

இறுதிப் போட்டி ஆஷ்குரோவுக்குப் போனால் அன்று நான் மேசையை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்திருப்பேன். நீங்கள் கத்துங்கள், நானும் கத்துகிறேன். சத்தம் தனியாகத் திரும்பி வராது.

கொட்வின்


ஹவுன்ஸ்லோ
12 மார்ச் 2025

மச்சான்!

கத்தரின் அம்மாவின் பதில் வந்தது. நாலு வரி. அட்டவணைக்கு நன்றி, இப்படி ஒன்று இருப்பது தெரியாது என்கிறார். நான் சொல்லாமல் விட்டிருந்தாலும் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள் என்கிறார். பிறகு, விமானம் இரண்டு அணிக்கும் பொதுவாகத்தான் பறக்கும், ஆஷ்குரோவையும் கேட்டுவிட்டேன், அவர்கள் உங்கள் மண்டபத்துக்கே வர விரும்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். காரணமும் கேட்டிருக்கிறார். "அங்கே நல்ல ரோல்ஸ் கிடைக்கும்" என்றார்களாம்.

பெனிற்றாவிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. "அப்பா, பிளேனுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்கள்? I live here" என்றுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பலகைக்கு விளக்கு இன்னும் வரவில்லை. ஓடர் பண்ணின கடைக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்கிறார். உம்முடைய கண்ணில் படாமல் இருக்கட்டும்.

பிரதாபன்


ஹரோ
20 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடைசி நிமிடத்தை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்தது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எழுதித் தரச்சொல்லி நேற்று என்னுடைய கையைப் பிடித்துக் கேட்டீர்கள். அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறீர்களாம். ஒட்டுவதற்கேற்ற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பயிற்றுநர்களையும் கூப்பிட்டு, விருந்தினர் பக்கப் பலகையில் எட்டு ஒன்பதாகத் தெரியும், என்னுடைய தாளில் இருப்பதுதான் கணக்கு என்று சொல்லிவைத்தேன். நூற்றுநாற்பது பேருக்கான வாங்குகளில் இருநூற்றுமுப்பது பேர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆஷ்குரோக்காரர் ஒரு பக்கச் சுவரோரம் நின்றார்கள், கையில் ரோல்ஸோடு.

நாலாவது கால்பகுதியில் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது நீங்கள் வலப்பக்கக் கூடையடியில் தரையைத் துடைத்தீர்கள். நிமிர்ந்து பலகையைப் பார்த்தீர்கள். பிறகு, பார்க்கத் துணிவில்லாமல், துடைப்பத்தையும் கொண்டு பந்துகள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு நடந்தது இது. ஆஷ்குரோ ஐம்பத்தெட்டு, நாங்கள் ஐம்பத்தேழு. 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மேசையில் இருக்கிறவன் அப்படி எழுதக்கூடாது. நாலு செக்கன் இருக்கும்போது பெனிற்றா பந்தோடு உள்ளே புகுந்தாள். ஆஷ்குரோப் பிள்ளை கையில் அடித்துவிட்டது. நடுவர் விசில். தனியாக நின்று போட இரண்டு எறிகள். இரண்டும் விழுந்தால் வெற்றி.

உங்களுக்குத் தெரியும், அந்த நேரம் எதிரணிக்காரர் என்ன செய்வார்களென்று. சுவரோரம் நின்ற நூறு பேரும் கூடைக்குப் பின்னால் ஓடிவந்து கத்தத் தொடங்கினார்கள். ஒன்றேகால் மீற்றர் இடத்தில் நூறு பேர்! காலைத் தரையில் அடித்தார்கள், கையை ஆட்டினார்கள், உங்கள் மெத்தையைத் தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த நேரக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பெனிற்றா பந்தை இரண்டு தரம் தட்டினாள். இரண்டாம் தரம் பந்து நழுவப் பார்த்தது. மேசையிலிருந்து எனக்கே தெரிந்தது. எறிவதற்கான ஐந்து செக்கனை நடுவர் எண்ணத் தொடங்கிவிட்டார்.

அப்போது வந்தது, அத்தான். பெரியது. கூரை அதிர்ந்தது. நூறு பேரின் வாயும் திறந்து திறந்து மூடுகிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டது. பெனிற்றாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். பந்தை உயர்த்தினாள். போட்டாள். வலையைத் தவிர வேறொன்றிலும் படவில்லை. அந்த இரைச்சல் குறைவதற்குள் நடுவர் பந்தைத் திரும்பக் கொடுத்தார். அதையும் போட்டாள்.

மிச்ச நாலு செக்கனில் ஆஷ்குரோ தூரத்திலிருந்து எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த விமானம் வந்துவிட்டது. நான் எழும்பித் தாளைத் தூக்கிக் காட்டினேன்: ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. அதன் பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆஷ்குரோக்காரர்தான் என்னைக் கட்டிப்பிடித்தார் என்று பிறகு தெரிந்தது. அக்கா ரோல்ஸ் தட்டோடு ஆட்டக்களத்துக்குள் ஓடினார்.

இனி உங்களுடைய பங்கு. சத்தம் கேட்டுப் பந்து அறைக் கதவு திறந்தது. நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். ஆட்களைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தீர்கள். பலகையில் என்ன இருந்தது? ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது. இரண்டு வருடமாகத் திருத்தாத உங்கள் சொந்த விளக்கு, அத்தான்! சமநிலை, இனி மேலதிக நேரம் ஆடப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, நூறு பேர் துள்ளுகிற கூட்டத்துக்குள் குனிந்து, "கொஞ்சம் விலகுங்கோ, தரை ஈரம், பிள்ளையள் வழுக்கப் போகுதுகள்" என்று சொல்லிக்கொண்டே துடைக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

நான் மேசையைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குச் சாகும்வரை ஞாபகம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. கூட்டம் கலைந்த பிறகு பெனிற்றாவைக் கேட்டேன், அந்த நேரம் பிளேன் வந்தது குழப்பவில்லையா என்று. சிரித்தாள். "இல்லை மாமா. அது வந்தவுடன எனக்கு வீட்டு அறைக்குள்ள நிக்கிற மாதிரி இருந்தது" என்றாள்.

சத்தம்: பத்துக்குப் பத்து.

உங்கள்,
கொட்வின்


ஹவுன்ஸ்லோ
22 மார்ச் 2025

என் அன்பு மச்சான்,

ஒட்டியாயிற்று. பெனிற்றா சொன்னதை எழுதியிருக்கிறீரே, அந்த இடத்தில் ஒரு துளி விழுந்து மை கலங்கிவிட்டது. தேத்தண்ணீர் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பலகைக்கு விளக்கு நேற்று வந்தது. மாற்றிவிட்டேன். எட்டு இப்போது எட்டாகத்தான் எரிகிறது. பார்க்கக் கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது.

அன்று வெற்றி என்று தெரியாமல் துடைத்தேன் என்று இங்கே எல்லோரும் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். நான் துடைத்த இடத்தில்தான் பிள்ளைகள் அரை மணித்தியாலம் துள்ளினார்கள். ஒருவரும் வழுக்கி விழவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. உம்முடைய அக்கா புட்டும் மீன்குழம்பும் வைக்கிறாள். இதற்குப் பதில் எழுதவேண்டாம். இரண்டு மாதமாகத் தாளில் கதைத்தது போதும்.

வீட்டுக்கு வாரும். மூன்று மணிக்கு முந்தியும் வரலாம்.

அத்தான்